சிக்னல் கிடைக்கிற பாறை

மசேருவில், மூன்றாவது மாடி.
என் ஹெட்போனில் இடது காதுக்கு மட்டும்தான் உயிர்.
திரையில் இன்றைக்கு நாற்பத்தோர் எண்கள்.
பெயர் கேட்கக் கூடாது என்பது விதி.
அவராகவே சொன்னார்: மொட்லாட்சி.
பிறகு காற்று.
பிறகு எங்கோ ஓர் ஆட்டு மணி.

தாபா-ட்சேகாவுக்கும் மேலே
குதிரை மட்டும் ஏறுகிற ஊராம்.
ரோமம் எடைபோடும் கொட்டகையில்
ஒருத்தி ஆளுக்கொரு பெட்டி கொடுத்தாளாம்.
சோப்பென்று நினைத்து
மூன்று வாரம் சேணப்பைக்குள் கிடந்ததாம்.
நான் சிரித்துவிட்டேன்.
அவர் சிரிக்கவில்லை.

"வீடு ஒரே அறை, ம்மே.
ஆறு பேர், ஒரு மெழுகுவர்த்தி.
போன் எடுப்பதோ இந்தப் பாறைமேல் மட்டும்.
இங்கேயே பிரித்துவிட்டேன்."

மேல் ஈறில் ஒருமுறை.
கீழ் ஈறில் ஒருமுறை.
போதும், அழுத்தித் தேய்க்க வேண்டாம்.
குச்சியைக் குப்பியில் நிறுத்துங்கள்.
குளிர் ஆகாது அதற்கு.

"கம்பளிக்குள் வைத்திருக்கிறேன்,
நேற்றுப் பிறந்த குட்டியைப் போல."

சரி. ஆனால் சாய்க்காமல்.

இருபது நிமிடம் என்பது
பயிற்சிக் கையேட்டில் ஒரு வரி.
பாறைமேல் அது எவ்வளவு நீளம் என்று
அங்கே எழுதவில்லை.
வெல்கம் சுரங்கத்தில் இருந்த ஒன்பது வருடம் சொன்னார்.
செத்துப்போன ஒரு குதிரையின் நிறம் சொன்னார்.
பதினோராவது நிமிடத்தில்
கேட்காத கேள்விக்குப் பதில்போல:

"என் வீட்டில்
ராத்திரி எல்லாரும் படுத்தபின்
மூக்குப்பொடி டப்பா திறக்கும் சத்தம்.
தினமும்.
புசெலெட்சோ
மூக்குப்பொடி போடுகிறவள் இல்லை."

எத்தனை நாளாக?

"கடைக்குட்டிக்கு நாலு வயசு.
அதற்கும் முன்னாலிருந்து."

கேட்டதில்லையா?

ஆட்டு மணி.
ஊர் வாய்க்குப் பயந்து அவள் மூடினாள்,
அவள் மூடியதற்குப் பயந்து இவர் மூடினார்.
இது நான் நினைத்தது. சொல்லவில்லை.

நேரமாயிற்று, எடுத்துப் பாருங்கள்.

மூச்சு மட்டும் வந்தது.
நான் என் மேசையைப் பார்த்தேன்.
யாரோ கடித்து வைத்த பேனா.
ஆறிப்போன தேநீர்மேல் ஓர் ஆடை.

"ஒன்றுதான் இருக்கிறது. மேலே.
கீழே... இல்லை, ம்மே. கீழே ஒன்றுமில்லை."

வெயிலில் காட்டிப் பாருங்கள்.

"காட்டினேன். குதிரைக்கும் காட்டினேன்."

அப்போது அவர் சிரித்தார்.
சிரிப்பு பாதியில் நின்று
வேறொன்றாக மாறியது.

"எப்படி முடியும்?
ஒரே பாய். ஒரே போர்வை."

அவளைப் பற்றி நான் பேச முடியாது.
டப்பாவில் என்ன என்று எனக்குத் தெரியாது.
பொதுவாக ஒன்று சொல்லலாம்:
தினமும் தவறாமல் மாத்திரை எடுத்து
ரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்கு அடங்கிவிட்டால்
உறவில் அது அடுத்தவருக்குப் போகாது.
மூன்று மாதம் கழித்து இன்னொரு பெட்டி அனுப்புகிறேன்.
பொதுவாக, என்று மறுபடியும் சொன்னேன்.

"அப்போ அந்தச் சத்தம்,"
என்று தொடங்கினார்.
சிக்னல் போய்விட்டது.
அல்லது அவர் வைத்துவிட்டார்.

அடுத்த வியாழன், ஏழு மணி.
பின்னால் மழை.
பேசினீர்களா அவரிடம்?

"இல்லை.
டப்பா பக்கத்தில்
ஒரு குவளை தண்ணீர் வைத்தேன்.
இத்தனை வருஷமும் வெறும் தொண்டையில்
விழுங்கிக்கொண்டிருந்தாள் போல.
கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.
நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.
பிறகு மூடி திறந்தது.
ஒளித்துத் திறக்கவில்லை, ம்மே.
நன்றாகவே கேட்டது."

படிவத்தில் கடைசிக் கட்டம்:
துணைவரிடம் பேசினாரா?
ஆம். இல்லை.
இரண்டுக்கும் நடுவில் அம்புக்குறி
துடித்துக்கொண்டு நிற்கிறது.
இடது காதில் அடுத்த எண்
அடிக்கத் தொடங்கிவிட்டது.